பதினாலாவது இடத்துல இருக்கற டீம் மார்ச்ல உள்ள போகுமா?

நீங்க கேட்டது இதுதான்: பொண்ணு படிக்கிற காலேஜோட ஐஸ் ஹாக்கி டீம் ஹாக்கி ஈஸ்ட் லீக்ல ஆடுது, ஜனவரி கடைசியில நாடு தழுவிய வரிசையில பதினாலாவதா நிக்குது, என்.சி.ஏ.ஏ. (அமெரிக்க காலேஜ் விளையாட்டு அமைப்பு) நடத்தற தேசிய டோர்னமென்ட்டுக்கு 16 டீம் எடுக்கறாங்க, ரீஜனல் மேட்ச் (நாலு ஊர்ல நடக்கற அதோட முதல் சுத்துகள்) பாக்க இப்பவே ஹோட்டல் போட்டுடலாமா. ஆனா கேள்வியோட கடைசி வரியில நீங்க இன்னொண்ணு எழுதியிருந்தீங்க, உங்கள உறுத்தறது அதுதான்னு நினைக்கிறேன்: 14ங்கறது 16க்குள்ள தான இருக்கு, அப்பறம் ஏன் கணிப்பு போடறவங்க பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு சொல்றாங்க? இந்த ரெண்டாவது கேள்வி புரிஞ்சிருச்சுன்னா முதல் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்குவீங்க, அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

என்னப் பத்தி ஒரு வரி. நான் படிச்சது ஸ்டாட்டிஸ்டிக்ஸ், வேலையும் அதுலதான், மினசோட்டாவுக்கு வந்த முதல் குளிர்காலத்துல ஒரு நண்பர் மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனார், அன்னைலேர்ந்து ஒவ்வொரு சீசனும் வீட்டுல லேப்டாப்ல சிமுலேஷன் (பாக்கி மேட்ச்சுகள கம்ப்யூட்டர்ல ஆட விட்டுப் பாக்கறது) ஓட்டிட்டு வர்றேன். ஸ்கேட் கட்டி ஆடினவன் இல்ல. ஒரு கோலி (கோல்கீப்பர்) இன்னைக்கு சரியா நகர்றாரா, ஒரு டிஃபென்ஸ் ஜோடி ஏன் திணறுதுன்னு பாத்துச் சொல்ற கண்ணு எனக்குக் கிடையாது, அதனால நான் சொல்றதெல்லாம் நம்பர் பக்கத்துல இருந்து மட்டும்தான், ஆட்டத்தப் பத்தின தீர்ப்பா எடுத்துக்காதீங்க.

முதல்ல உறுதியா சொல்லக்கூடியது. ஆண்கள் முதல் டிவிஷன்ல அறுபத்துச் சொச்சம் காலேஜ் ஆடுது, ஆறு லீக்: அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்கா, பிக் டென், சி.சி.ஹெச்.ஏ., ஈ.சி.ஏ.சி., ஹாக்கி ஈஸ்ட், என்.சி.ஹெச்.சி. டோர்னமென்ட் 1948ல கொலராடோ ஸ்ப்ரிங்ஸ்ல நாலே நாலு டீமோட தொடங்கினது, 2003லேர்ந்து 16 டீம். இந்த 16ல ஆறு இடம் ஆறு லீக்கோட பிளேஆஃப் (சீசன் கடைசியில லீக் கோப்பைக்காக நடக்கற சுத்துகள்) சாம்பியனுக்கு, அத ஆட்டோபிட்னு சொல்றாங்க. அந்த டீம் வரிசையில 30வதா இருந்தாலும் சரி, 40வதா இருந்தாலும் சரி, லீக் கோப்பைய தூக்கிட்டா உள்ள வந்துரும். மிச்சம் பத்து இடம்தான் வரிசைப்படி போகுது, அதுக்குப் பேர் அட்-லார்ஜ். பேஸ்கட்பால்ல பத்துப் பன்னெண்டு பேர் ரூம்ல உக்காந்து எந்த டீம எடுக்கலாம்னு வாதாடறாங்க இல்ல, ஹாக்கியில அந்தப் பேச்சே கிடையாது, யார் உள்ள யார் வெளியன்னு முடிவு பண்றது கணக்குதான், கமிட்டி கை வைக்கறது எந்த டீம் எந்த ஊர்ல யாரோட ஆடணும்ங்கறதுல மட்டும். சனிக்கிழமை ராத்திரி கடைசி லீக் ஃபைனல் முடிஞ்ச அரை மணி நேரத்துல லிஸ்ட் எல்லாருக்கும் தெரிஞ்சுரும், ஞாயித்துக்கிழமை டிவியில சொல்றது அறிவிப்பு மட்டுமே.

இப்ப உங்க 14க்கு வரலாம். ஆறு சாம்பியன்கள்ல எத்தன பேர் வரிசையோட கீழ்ப்பகுதிலேர்ந்து வர்றாங்களோ, அத்தன இடம் மேல இருக்கறவங்க கிட்டருந்து பிடுங்கப்படுது. அட்லாண்டிக் ஹாக்கி சாம்பியன் பெரும்பாலும் கீழருந்துதான் வருவாங்க, அப்ப உள்ளயும் வெளியயும் பிரிக்கற கோடு 15ல ஆரம்பிக்குதுன்னு வச்சுக்கங்க. இன்னொரு லீக்ல ஒரு அதிர்ச்சி முடிவு வந்தா 14. இன்னொண்ணு வந்தா 13. 2018ல என்ன ஆச்சுன்னு பாருங்க, அந்த வருஷம் நாலு ரீஜனல்லயும் நாலாம் சீடா (தர வரிசையில கடைசியா) வந்த ஏர் ஃபோர்ஸ், மிச்சிகன் டெக், பிரின்ஸ்டன், பாஸ்டன் யூனிவர்சிட்டி நாலுமே லீக் கோப்பைய ஜெயிச்சு வந்தவங்க, அதாவது அட்-லார்ஜ் கோடு பன்னெண்டோட நின்னுபோச்சு. அந்தக் கடைசி இடத்துக்கு மினசோட்டாவும் மினசோட்டா டுலூத்தும் போட்டி, ஒரே மாநிலம், ரெண்டு பக்கமும் வெறித்தனமான ரசிகர்கள். மினசோட்டா லீக் காலிறுதியில பென் ஸ்டேட் கிட்ட தோத்துட்டு ரெண்டு வாரம் ஆட்டமே இல்லாம வீட்டுல உக்காந்து மத்தவங்க மேட்ச்ச பாத்துட்டிருந்தாங்க. டுலூத் கடைசி வாரம் ஆடின ரெண்டு மேட்ச்சுமே தோத்தாங்க. ரெண்டு பேருமே தன்னால ஒண்ணும் பண்ண முடியாத நிலமையில, பிரின்ஸ்டன்ல இருக்கறவங்களும் டென்வர்ல இருக்கறவங்களும் ஆடின ஆட்டம் இவங்க தலையெழுத்த மாத்திட்டிருந்தது. கடைசியில டுலூத் உள்ள, மினசோட்டா வெளிய, வித்தியாசம் ஆர்.பி.ஐ.ங்கற ரேட்டிங் கணக்குல (அது என்னன்னு கீழ சொல்றேன்) 0.0001. பத்தாயிரத்துல ஒரு பங்கு. அப்பறம் அதே டுலூத் நாலு மேட்ச்ச தொடர்ச்சியா ஒரே ஒரு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சு, செயின்ட் பால்ல நோட்ர டேம 2-1னு தோக்கடிச்சு தேசிய சாம்பியன் ஆச்சு. பனிக்குளிர்ல கார்ல உக்காந்து ரேடியோவுல அந்த ஃபைனலக் கேட்டது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு.

2013ல இன்னும் பெரிய கூத்து. யேல் லீக் செமிஃபைனல்ல யூனியன் கிட்ட 5-0, மூணாவது இடத்துக்கான மேட்ச்சுல குவினிபியாக் கிட்ட 3-0னு தோத்து, கடைசி அட்-லார்ஜ் இடத்துக்காகக் காத்துக் கிடந்தாங்க. மிச்சிகன் தன் லீக் ஃபைனல்ல ஜெயிச்சிருந்தா யேல் அவுட். நோட்ர டேம் மிச்சிகன தோக்கடிச்சாங்க, யேல் உள்ள வந்தாங்க, மிச்சிகனோட 22 வருஷத் தொடர் வருகை அன்னையோட அறுந்துச்சு. அப்பறம் யேல் மினசோட்டாவ ஓவர்டைம்ல, நார்த் டகோட்டாவ, மாஸ் லோவல்ல ஓவர்டைம்லன்னு வரிசையா சாய்ச்சு, பிட்ஸ்பர்க்ல ஃபைனல்ல அந்த சீசன்ல தன்ன மூணு தடவ தோக்கடிச்சிருந்த குவினிபியாக்க 4-0ன்னு அடிச்சு கோப்பைய எடுத்தாங்க. இந்தக் கதைய எதுக்குச் சொல்றேன்னா, உள்ள வர்ற கடைசி டீமுக்கும் வெளிய நிக்கற முதல் டீமுக்கும் திறமையில அளக்கக்கூடிய வித்தியாசம் இல்லவே இல்ல. உங்க டீம் ஒருவேளை வெளிய போனா டீம் மோசம்னு பொண்ணு கிட்ட சொல்லிடாதீங்க.

சரி, அந்த வரிசை எப்படி வருது. ரொம்ப வருஷமா இருந்தது பேர்வைஸ். ரெண்டு ரெண்டு டீமா எடுத்து ஒப்பிடுவாங்க: ஆர்.பி.ஐ. யாருக்கு அதிகம், பொது எதிராளிகள் கிட்ட யார் நல்லா ஆடினாங்க, நேருக்கு நேர் யார் ஜெயிச்சாங்க. ஆர்.பி.ஐ.ல உங்க டீமோட சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம்தான் வெயிட், எதிராளிகளோட வெற்றி விகிதத்துக்கு 21, எதிராளிகளோட எதிராளிகளுக்கு 54. கூட்டிப் பாருங்க, முக்கால்வாசி நீங்க யாரோட ஆடினீங்கங்கறதுலயே போயிருது. 2025-26 சீசன்லேர்ந்து பேர்வைஸ எடுத்துட்டு என்.பி.ஐ.ன்னு ஒரு முறைக்கு மாறிட்டாங்க. அதுல ஜோடி ஒப்பீடு கிடையாது, ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒரு மார்க், அதுல ஜெயிச்சதுக்கோ தோத்ததுக்கோ ஒரு பங்கு, எதிராளியோட என்.பி.ஐ.க்கு அதவிடப் பெரிய பங்கு. எதிராளியோட என்.பி.ஐ. அவங்க எதிராளிகளால வருது, அது இவங்களால வருது, அதனால கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் சுத்தி நம்பர் நிக்கற வரைக்கும் ஓட்டும். ரொம்ப பலவீனமான டீம ஜெயிச்சதால உங்க சராசரி இறங்குதுன்னா அந்த வெற்றிய கணக்குலேர்ந்து எடுத்துருவாங்க, பலமான டீம ஜெயிச்சா போனஸ் உண்டு, ஓவர்டைம்ல பக்கத்துக்கு மூணு பேரா ஆடி ஜெயிச்சா அது முழு வெற்றியா சேராது.

எனக்கு இந்த மாத்தம் பிடிச்சிருக்கு. பழைய முறையில பள்ளம் மேடு ஜாஸ்தி, யாரோ ரெண்டு டீம் ஆடின ஒரு மேட்ச்சால உங்க டீமோட நாலு ஒப்பீடு ஒரே ராத்திரியில புரண்டு பத்துலேர்ந்து பதினாலுக்கு விழும், பாக்கறவங்களுக்குக் காரணமே புரியாது. இப்ப நம்பர் நிதானமா நகருது.

வீட்டு மேட்ச், வெளியூர் மேட்ச் வித்தியாசத்த மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா இத நிறைய பேர் தவற விடறாங்க. வீட்டுல ஜெயிச்சா 0.8, வெளியூர்ல ஜெயிச்சா 1.2. தோல்விக்கு இது தலகீழ், வீட்டுல தோத்தா 1.2, வெளியூர்ல தோத்தா 0.8. காலேஜ் ஹாக்கில வெள்ளி, சனின்னு ஒரே எதிராளியோட ரெண்டு மேட்ச் ஆடறது வழக்கம், அதுல ஒண்ணு ஜெயிச்சு ஒண்ணு தோத்தா அத ஸ்ப்ளிட்னு சொல்லுவாங்க. வீட்டுல ஸ்ப்ளிட் ஆனா கணக்குல 0.8ஐ 2.0 ஆல வகுத்து 40 சதவீதம். வெளியூர்ல ஸ்ப்ளிட்னா 60 சதவீதம். ஸ்கோர்போர்டுல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், வரிசையில தெரியாது. பிப்ரவரியில உங்க டீமுக்கு எத்தன வீட்டு மேட்ச் பாக்கியிருக்குன்னு முதல்ல எண்ணிப் பாருங்க.

அடுத்தது, என் அனுபவத்துல ரொம்ப முக்கியமானது, ஆனா யாரும் பேசாதது: லீக்குக்கு வெளிய ஆடற மேட்ச். ஜனவரிக்கு அப்பறம் பெரும்பாலும் எல்லாரும் தன் லீக்குக்குள்ளயேதான் ஆடறாங்க. லீக்குக்குள்ள ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் தோக்கறார், மொத்தத்துல லீக்கோட சராசரி நகரவே நகராது. அப்ப ஒரு லீக் இன்னொரு லீக்க விட எவ்வளவு பலம்ங்கறது அக்டோபர்லேர்ந்து புத்தாண்டு வரைக்கும் நடந்த வெளி மேட்ச்சுல ஏறக்குறைய எழுதி முடிஞ்சிருது. ஹாக்கி ஈஸ்ட் டீம்கள் நவம்பர்ல மத்த லீக்க நல்லா அடிச்சிருந்தா பிப்ரவரியில அந்த லீக்ல நடுவுல இருக்கற டீம் கூட வரிசையில மேல தெரியும். இது வெறும் என் ஊகம் இல்ல, 2020-21ல கண்ணால பாத்தோம். கோவிட்னால பெரும்பாலான டீம்கள் லீக்குக்குள்ளயே ஆடினாங்க, லீக்குகள இணைக்கற மேட்ச் இல்லாததால பேர்வைஸுக்கு அர்த்தமே இல்லாம போச்சு, கமிட்டியே உக்காந்து ஆள் எடுக்க வேண்டி வந்தது. போதாக்குறைக்கு ஈ.சி.ஏ.சி. கோப்பைய ஜெயிச்ச செயின்ட் லாரன்ஸ் தொற்று காரணமா விலகினாங்க, குவினிபியாக் அந்த இடத்துல போனாங்க. எந்தச் சிமுலேஷனாலயும் அந்த வருஷத்த கணிச்சிருக்க முடியாது.

இனி சதவீதம் எப்படி வருதுன்னு. அடிப்படை பிராட்லி-டெர்ரின்னு 1952ல வந்த ஒரு மாடல், ரொம்ப எளிமையானது: ஒரு டீமோட பலம் 150, இன்னொண்ணு 100ன்னா, முதல் டீம் ஜெயிக்கற வாய்ப்பு 150ஐ 250ஆல வகுத்தா வர்ற 60 சதவீதம். கென் பட்லர்ங்கறவர் இத காலேஜ் ஹாக்கிக்கு எடுத்துட்டு வந்து ஒரு ரேட்டிங் பண்ணார், அது இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. அந்த ரேட்டிங்க வச்சு பாக்கி இருக்கற ஒவ்வொரு மேட்ச்சையும் கம்ப்யூட்டர்ல ஆட விட்டு, ஆறு லீக் பிளேஆஃபையும் ஆட விட்டு, கடைசியில வரிசையப் போட்டு 16 டீம எடுக்கணும். இத ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்பச் செஞ்சா, உங்க டீம் எத்தன தடவ உள்ள வந்துச்சோ அதுதான் சதவீதம். உங்க டீம் மேட்ச்ச மட்டும் ஓட்டினா பிரயோஜனமில்ல, மொத்த நாட்டையும் ஓட்டணும், ஏன்னா உங்க நவம்பர் எதிராளி மார்ச்ல ஜெயிக்கறது கூட உங்க நம்பர தள்ளும்.

அந்த பாதிக்குப் பாதி எங்கேர்ந்து வருதுன்னு கையாலயே போட்டுப் பாக்கலாம். ஒரு லீக்ல முதல் டீம் ஒவ்வொரு பிளேஆஃப் மேட்ச்சும் 65 சதவீதம் ஜெயிக்கும்னு வைங்க, ஹாக்கில அது நல்ல பலமான நம்பர்தான். காலிறுதி, அரையிறுதி, ஃபைனல் மூணையும் ஜெயிக்கற வாய்ப்பு 0.65ஐ மூணு தடவ பெருக்கினா 27 சதவீதம் சொச்சம். அதாவது பெரிய டீமே நாலு வருஷத்துல ஒரு தடவதான் கோப்பைய தூக்கும். அது தோக்கற போதெல்லாம் கீழருந்து ஆள் வர்றாங்கன்னு இல்ல, அதே லீக்ல ஏற்கனவே உள்ள இருக்கற இன்னொரு டீம் ஜெயிச்சா யாருக்கும் நஷ்டமில்ல. ஆனா நாலு பெரிய லீக்ல ஒவ்வொண்ணுலயும் கால்வாசி வாய்ப்பு இருக்குன்னு சும்மா வச்சுக்கிட்டா கூட, எங்கயாவது ஒரு இடம் பறிபோற வாய்ப்பு 68 சதவீதம் வருது. அந்தக் கால்வாசிங்கறது நான் உதாரணத்துக்கு எடுத்த நம்பர், வருஷத்துக்கு வருஷம் மாறும், ஆனா கோடு 15லயே நிக்கும்னு நம்பி ஹோட்டல் போட முடியாதுங்கறதுக்கு இது போதும்.

2025ல இதே நடந்துச்சு. குவினிபியாக் அட்-லார்ஜ்லயே உள்ள போற நிலமையில இருந்தாங்க. ஈ.சி.ஏ.சி. அரையிறுதியில கார்னெல் அவங்கள ஓவர்டைம்ல சாய்ச்சாங்க, அடுத்த நாள் லேக் பிளாசிட்ல கிளார்க்சன 3-1னு ஜெயிச்சு கோப்பைய எடுத்தாங்க, அதோட அட்-லார்ஜ் ஆளுங்களுக்கு ஒரு இடம் குறைஞ்சுது. மிச்சிகன் அந்த வருஷம் வெளிய நின்னுச்சு. கார்னெல் கோச் மைக் ஷேஃபருக்கு அது கடைசி சீசன், 30 வருஷம் ஒரே டீம நடத்தினவர், கார்னெல் டோர்னமென்ட்டுக்கு வந்த கையோட முதல் சுத்துல மிச்சிகன் ஸ்டேட்ட 4-3னு வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்த சீசன் முழுக்க கார்னெலுக்கு நான் போட்ட வாய்ப்பு ரொம்பக் குறைவு, இப்பவும் அது தப்புன்னு நினைக்கல, குறைவான வாய்ப்பு அப்பப்ப நடக்கத்தான் செய்யும். 70 சதவீதம்னு பத்து தடவ சொன்னா மூணு தடவ நடக்காம போகணும், பத்தும் நடந்துருச்சுன்னா என் மாடல்லதான் கோளாறு. ஒவ்வொரு பிப்ரவரியும் என் நம்பர எழுதி வச்சு ஏப்ரல்ல சரிபாக்கறது அதுக்குத்தான்.

சந்தேகமான பகுதி எதுன்னா, அந்த பலம்ங்கற நம்பரே. ஒரு டீம் சீசன்ல ஆடறது 34 மேட்ச் அளவுதான். நாணயம் சுண்டற மாதிரி சம பலத்துல ஆடினா கூட 34ல வெறும் அதிர்ஷ்டத்தால மூணு வெற்றி முன்னப் பின்ன போகும். அப்ப 150ன்னு நான் எழுதற டீம் நெஜத்துல 130ஆ இருக்கலாம், 175ஆவும் இருக்கலாம். பலத்த ஒரே நம்பரா நிறுத்தி வச்சு ஓட்டற சிமுலேஷன் அளவுக்கு மீறி நம்பிக்கையா பேசும், 95 சதவீதம்னு அது சொல்றத நான் மனசுக்குள்ள 90ஆ குறைச்சுக்குவேன். அப்பறம் நம்பருக்குத் தெரியாத விஷயம்: முதல் கோலி முட்டி வலியோட ஆடறாரா, கிறிஸ்துமஸ் சமயம் உலக ஜூனியர் போட்டிக்கு நல்ல பசங்க போயிருந்தப்ப தோத்த மேட்ச் எத்தன. கனடாவோட மேஜர் ஜூனியர்ல (அங்க இருக்கற பெரிய இளைஞர் லீக்குகள்) ஆடின பசங்களும் 2025 ஆகஸ்ட்லேர்ந்து காலேஜ்ல ஆடலாம்னு விதி மாறினதுக்கப்பறம், போன வருஷ டீம வச்சு இந்த வருஷத்த எடை போடறது முன்ன விட கஷ்டம். அக்டோபர்ல வர்ற கணிப்ப நான் படிக்கறதோட சரி, நம்பறதில்ல.

உங்க டீமுக்கு வருவோம். இன்னும் பன்னெண்டு மேட்ச் அளவு பாக்கியிருக்கும், சம பலம்னா ஆறு ஜெயிப்பாங்க, ரெண்டு முன்னப் பின்ன, அதாவது நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் எதுவும் சாதாரணம். எட்டுன்னா உங்களுக்குக் கவலையே வேண்டாம், மார்ச் முதல் வாரம் பத்து, பதினொண்ணுல இருப்பாங்கன்னு எதிர்பாக்கலாம். நாலுன்னா லீக் கோப்பைதான் ஒரே வழி, ஹாக்கி ஈஸ்ட் அரையிறுதியும் ஃபைனலும் பாஸ்டன்ல டிடி கார்டன் அரங்கத்துல நடக்கும், அங்க போயி கத்திட்டு வாங்க. ஆறுன்னாதான் தூக்கம் கெடும், அப்ப நீங்க பாக்க வேண்டியது மத்த அஞ்சு லீக்கோட அரையிறுதிகள், ஒவ்வொண்ணுலயும் ஏற்கனவே உள்ள இருக்கற பெரிய டீம் ஜெயிக்கணும்னு வேண்டிக்கணும், உங்களுக்கு அந்த டீம் எவ்வளவு பிடிக்காததா இருந்தாலும் சரி. ஹோட்டல இப்பவே போடலாம், ஆனா காசு திரும்பக் கிடைக்கற மாதிரி போடுங்க. ஊரையும் இப்ப தேர்ந்தெடுக்காதீங்க: நாலு ரீஜனல்ல எதுக்கு அனுப்புவாங்கன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது, ரீஜனல நடத்தற காலேஜ் தகுதி பெற்றா அதுக்குச் சொந்த ஊர்லதான் இடம், முதல் சுத்துல ஒரே லீக் டீம்கள மோத விடாம பாத்துக்குவாங்க, இதுக்காக கடைசி நாள் டீம்கள இடம் மாத்தறது உண்டு. பாக்கியிருக்கற மேட்ச் லிஸ்ட்ல எது வீட்டுல எது வெளியூர்லன்னு கீழ எழுதினீங்கன்னா இந்த வாரக்கடைசி ஓட்டிப் பாத்து ஒரு நம்பர் சொல்றேன்.